நல்ல ஃபைல் சிஸ்டம் எது என்று கேட்பதற்கு முன்

குடியாத்தத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். 32 ஜிபி பென் டிரைவ். உள்ளே ஒன்றுமே இல்லை. 7 ஜிபி அளவுள்ள கல்யாண வீடியோ ஒன்றை அதில் ஏற்றப் பார்த்தால், கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுக்கிறது. முழுப் பென் டிரைவும் காலியாக இருக்கும்போது 7 ஜிபி எப்படிப் பெரியதாகும்? கடைக்காரர் போலியைத் தலையில் கட்டிவிட்டார் என்றே அவர் முடிவு செய்திருந்தார்.

பென் டிரைவில் குறை எதுவும் இல்லை. அதில் இருந்த ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளுக்குக் கணக்கு வைக்கும் முறை, பழையது. அதை மாற்றிக் கொடுத்ததும் வீடியோ ஏறிவிட்டது. கிளம்பும்போது அவர் கேட்டார்: "அப்படியென்றால் நல்ல ஃபைல் சிஸ்டம் எது, அண்ணா? எதைப் போட்டால் என் படமெல்லாம் பத்திரமாக இருக்கும்?"

இதே கேள்வியைக் காட்பாடியில் படிக்கும் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள், ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுபவர்கள் கேட்டிருக்கிறார்கள். பதில்களும் ஊரில் தாராளமாக உலவுகின்றன. "என்டிஎஃப்எஸ் போட்டால் போதும்" என்று விண்டோஸின் ஃபைல் சிஸ்டத்தைச் சொல்வார் ஒருவர். "லினக்ஸுக்கு மாறினால் எதுவும் அழியாது" என்பார் மற்றொருவர். "ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு?" என்பார், பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் மூன்றாமவர். எல்லாமே பாதி உண்மை. இந்தப் பாதி உண்மைகளை நம்பிக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அடியிலிருந்து எழுதுகிறேன்.

நண்பரின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த ஃபைல் சிஸ்டம் என்பது ஒன்று. தரவு எப்படிப் பத்திரமாக இருக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான விடை இரண்டாவதன் ஒரு பகுதிக்கு மட்டும்தான் விடை.

வட்டு நிலம், பதிவேடு கணக்கு

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், போனில் போடும் மெமரி கார்டு எதுவானாலும் அதை நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுள்ள சிறு துண்டுகளாக அளந்து கல் நட்ட நிலம். ஒவ்வொரு துண்டுக்கும் சர்வே எண் போல ஓர் எண் உண்டு. இந்தத் துண்டுக்குத் தொகுதி என்று பெயர். பெரும்பாலான கணினிகளில் ஒரு தொகுதி 4,096 பைட் கொள்ளும். பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தோ ஓர் இலக்கமோ அடங்கும் அளவு.

ஒரு படம் 4 எம்பி என்றால் அதற்குச் சுமார் ஆயிரம் தொகுதிகள் வேண்டும். அவை அடுத்தடுத்து இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏரிக்குக் கீழே ஒரு துண்டு, மலையடியில் ஒரு துண்டு, ரோட்டோரம் ஒரு துண்டு என்று சிதறிக் கிடக்கும் நிலங்கள் ஒரே பட்டாவில் இருப்பதில்லையா, அப்படித்தான். எந்தக் கோப்புக்கு எந்தெந்தத் தொகுதிகள், அவை என்ன வரிசையில், கோப்பின் பெயர் என்ன, எத்தனை பைட், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, எந்தத் தொகுதிகள் யாருக்கும் ஒதுக்கப்படாமல் புறம்போக்காக இருக்கின்றன என்பதையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதிப் பராமரிக்கும் முறைதான் ஃபைல் சிஸ்டம்; தமிழில் கோப்பு முறைமை.

பதிவேட்டில் உள்ள விவரங்களுக்கு மேல்தகவல் என்று பெயர். பட்டா வேறு, நிலத்தில் நிற்கும் பயிர் வேறு. அதுபோல மேல்தகவல் வேறு, கோப்பின் உள்ளடக்கம் வேறு. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு கோப்பை அழிக்கும்போது என்ன நடக்கிறது? பட்டா ரத்தாகிறது. நிலம் புறம்போக்குப் பட்டியலில் சேர்கிறது. பயிரை யாரும் பிடுங்குவதில்லை. வேறொருவர் வந்து உழும்வரை அது அங்கேயே நிற்கும். கேமரா மெமரி கார்டில் தவறுதலாக அழித்த படங்களை மீட்க முடிவது இதனால்தான். மீட்கும் வரை அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். எஸ்எஸ்டி மட்டும் விதிவிலக்கு. பட்டா ரத்தானதும் டிரிம் என்ற கட்டளை வழியாக அதற்குத் தகவல் போய்விடும். அது தன் பாட்டுக்கு உழுது போட்டுவிடும். எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பது மிகக் கடினம்.

இரண்டு பேருக்கு ஒரே சர்வே எண்ணில் பட்டா கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டிலும் அது நடக்கும். பதிவேடு குழம்பினால் இரண்டு கோப்புகள் ஒரே தொகுதிக்கு உரிமை கொண்டாடும். இரண்டில் ஒன்றாவது கெட்டுப்போகும். கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கருவிகள் இத்தகைய வழக்குகளைத்தான் தேடித் தீர்க்கின்றன. அவை பதிவேட்டை ஒழுங்குபடுத்தும், பயிருக்கு உத்தரவாதம் தராது. கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகச் சந்தேகமான கோப்பைத் தூக்கி எறியவும் செய்யும். ஆகவே வட்டு தடுமாறுகிறது என்று தெரிந்தால் உடனே பழுதுபார்க்கும் பொத்தானை அழுத்தாதீர்கள். முதலில் படிக்க முடிந்ததையெல்லாம் வேறு வட்டுக்கு நகலெடுங்கள். பழுது பிறகு பார்க்கலாம்.

நான்கு ஜிபியில் ஏன் முட்டியது

நண்பரின் பென் டிரைவில் இருந்தது ஃபேட்32. ஃபேட் குடும்பம் 1977இல் தொடங்கியது. ஃபேட்32 வந்தது 1996இல். அதன் பதிவேட்டில் கோப்பின் அளவை எழுதும் கட்டம் சிறியது. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. நிலம் எவ்வளவு காலியாக இருந்தாலும் என்ன, பதிவேட்டின் கட்டத்தில் எண் அடங்காவிட்டால் பட்டா போட முடியாது.

2006இல் வந்த எக்ஸ்ஃபேட் இந்தக் கட்டத்தை அகலமாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ், இன்றைய பெரும்பாலான கேமராக்கள் எல்லாம் அதைப் படிக்கும். எனவே பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் அதையே போடுங்கள். ஆனால் அது பயணப் பை மட்டுமே. நகையை வைக்கும் பீரோவாக அதைப் பயன்படுத்தக் கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

மின்சாரம் போன நொடியில்

மண்டித் தெருவின் பழைய கடைகளில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கும். வியாபாரம் நடக்க நடக்க வரிசையாக எழுதிக்கொண்டே போவது சிட்டை. பிறகு சாவகாசமாக ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. பேரேட்டில் ஒருவர் பக்கத்தில் பற்று எழுதிவிட்டு, மற்றவர் பக்கத்தில் வரவு எழுதுவதற்குள் கணக்குப்பிள்ளை எழுந்துபோக நேர்ந்தாலும் பாதகமில்லை. திரும்பி வந்து சிட்டையைப் பார்த்தால் எங்கே விட்டோம் என்று தெரிந்துவிடும்.

கணினிக்கும் ஒரு கோப்பைச் சேர்ப்பது ஒரே வேலையாக முடிவதில்லை. புறம்போக்குப் பட்டியலிலிருந்து தொகுதிகளை எடுக்க வேண்டும். அவற்றைக் கோப்பின் பெயரில் எழுத வேண்டும். ஃபோல்டரில் பெயரைச் சேர்க்க வேண்டும். இவற்றுக்கு நடுவே மின்சாரம் போனால் நிலம் புறம்போக்கிலும் இருக்காது, பட்டாவிலும் இருக்காது. சில சமயம் இரண்டிலும் இருக்கும்.

இதைத் தடுக்க, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு சிட்டையில் எழுதிவிட்டு, பிறகு பேரேட்டைத் திருத்தும் முறை வந்தது. இந்தச் சிட்டைக்குக் கணினித் துறையில் ஜர்னல் என்று பெயர். மின்சாரம் திரும்பியதும் கணினி ஜர்னலைப் படிக்கிறது. முழுமையாக எழுதப்பட்ட மாற்றத்தைப் பேரேட்டில் ஏற்றிவிடுகிறது. பாதியில் நின்றதைக் கைவிடுகிறது. 1993இல் வந்த விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் இது உண்டு. லினக்ஸில் 2001இல் பரவலான ஈஎக்ஸ்டி3இலும், 2008இல் அதன் வாரிசாக வந்த ஈஎக்ஸ்டி4இலும் உண்டு. ஃபேட்32இலும் எக்ஸ்ஃபேட்டிலும் கிடையாது. பென் டிரைவைப் பிடுங்குவதற்கு முன் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுங்கள் என்று தலைபாடாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பெரும்பாலானோர் ஒரு விஷயத்தை இங்கே தவறவிடுகிறார்கள். ஜர்னல் காப்பது பதிவேட்டை. நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடிதத்தை அல்ல. என்டிஎஃப்எஸ் தன் ஜர்னலில் மேல்தகவலை மட்டும்தான் எழுதுகிறது. ஈஎக்ஸ்டி4உம் வழக்கமான அமைப்பில் அப்படியே. தவிர, சேமி என்று நீங்கள் சொன்னதும் எழுத்து நேராக வட்டுக்குப் போவதில்லை. வேகத்துக்காக நினைவகத்தில் சில வினாடிகள், சில சமயம் அரை நிமிடம் வரை காத்திருந்து மொத்தமாகப் போகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், பதிவேடு கச்சிதமாக இருக்கும், கடைசியாக எழுதிய பக்கம் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று முன்னறிவிப்பு வரும் நாளில் நாம் தயாராக இருப்போம். கத்திரி வெயிலில் பிற்பகல் 3 மணிக்குச் சொல்லாமல் போகும் மின்சாரத்துக்கு ஒரு சிறிய யுபிஎஸ்தான் மருந்து. எந்த ஃபைல் சிஸ்டமும் யுபிஎஸ் செய்யும் வேலையைச் செய்யாது.

இதுவரை பார்த்தது: கோப்பு முறைமை ஒரு பதிவேடு. ஜர்னல் அந்தப் பதிவேடு பாதியில் கிழியாமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளடக்கம் சரியாக இருக்கிறதா என்ற கேள்வியை ஜர்னல் கேட்பதே இல்லை.

வேலூர் வேளூர் ஆனால்

அந்தக் கேள்விக்கு வருவோம். இதுதான் மிகக் குறைவாகப் பேசப்படும் ஆபத்து. என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் இதுதான்.

கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். யூனிகோடு பட்டியலில் 'ல'வுக்கு அடுத்த எண்ணில் இருப்பது 'ள'. எண்கள் வட்டில் 0, 1 என்ற குறிகளாகப் பதிகின்றன. இந்தக் குறிக்குப் பிட் என்று பெயர். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டுகளாகப் பதியும். 'ல', 'ள' இரண்டுக்கும் முதல் இரண்டு பைட்டுகள் ஒன்றே. மூன்றாவது பைட்டைப் பாருங்கள்:

ல: 10110010
ள: 10110011

கடைசிப் பிட் ஒன்று மட்டும் 0 என்பது 1 ஆனால் போதும். வேலூர் வேளூர் ஆகிவிடும். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் புள்ளிருக்குவேளூர் என்ற பெயர் இருப்பதால் படிப்பவர் கண்ணைக்கூட அது உறுத்தாமல் போகலாம். 'ர'வும் 'ற'வும் இதே போலக் கடைசிப் பிட்டில் மட்டும் வேறுபடுகின்றன. ஏரி என்று எழுதியது ஏறி என்று மாற ஒரு பிட் போதும். எண்களில் இன்னும் மோசம். 1 என்ற இலக்கத்துக்கும் 9 என்ற இலக்கத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பிட். 10,000 ரூபாய் 90,000 ரூபாய் ஆவதற்கு வட்டில் அதற்கு மேல் எதுவும் நடக்க வேண்டியதில்லை.

இப்படி மாறுமா? மாறும். வட்டுகள் தாங்களே ஒரு சோதனை வைத்திருக்கின்றன. பெரும்பாலான பிழைகளை அவை பிடித்துவிடும். ஆனால் தரவு வட்டுக்குப் போய்ச் சேரும் வழியில் பழுதான கேபிள் இருக்கலாம், நினைவகத்தில் கோளாறு இருக்கலாம், வட்டுக்குள் இருக்கும் மென்பொருளிலேயே பிழை இருக்கலாம். அவ்வழியே வருவது தவறாகவே வந்து, தவறாகவே சரியாகப் பதிவாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இதற்கு மௌனச் சிதைவு என்று பெயர். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2007இல் தன்னுடைய சேமிப்பகங்களைத் தானே சோதித்தபோது இத்தகைய சிதைவுகளைக் கண்டது.

ஸ்டுடியோ நண்பரிடமும் அப்படி ஒரு படம் இருந்தது. 2016இல் எடுத்த முகூர்த்தப் படம். மணமக்களின் முகங்கள் சரியாக இருந்தன. மாலையின் நடுவில் ஒரு நேர்கோடு. அதற்குக் கீழே பட்டுப்புடவை, ஓமகுண்டம், உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லாம் ஊதா நிறத்தில் ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தார்கள். அவர் ஒழுங்காகப் பேக்கப் எடுப்பவர். பேக்கப் வட்டைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் ஊதா. படம் கெட்டது தெரியாமல், கெட்ட படத்தையே நல்ல படத்தின் மீது பல முறை நகலெடுத்திருந்தார்.

மருந்து பழைய மருந்துதான். உங்கள் ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் சும்மா வந்ததல்ல. முதல் 11 இலக்கங்களை வெர்ஹோஃப் என்ற முறையில் கணக்கிட்டால் கிடைக்கும் விடை அது. ஏதாவது ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் விடை பொருந்தாது. தவறு என்று உடனே தெரிந்துவிடும். இப்படி உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு அதனுடன் சேர்த்து வைக்கும் எண்ணுக்குச் சரிபார்ப்பு எண் என்று பெயர். மண்டியில் மூட்டையின் மேல் எடையை எழுதி அனுப்புவதும், இறக்கும் இடத்தில் மறுபடி எடை போடுவதும் இதே காரியம்தான்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2001இல் உருவாக்கத் தொடங்கி 2005இல் மூலநிரலை வெளியிட்ட இசட்எஃப்எஸ், ஆரக்கிள் நிறுவனத்தில் 2007இல் தொடங்கிய பிடிஆர்எஃப்எஸ் ஆகிய இரண்டும் ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்பு எண் எழுதி வைக்கின்றன. படிக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி எடை போட்டுப் பார்க்கின்றன. இரண்டு வட்டுகளில் பிரதி இருந்தால், கெட்டதை ஒதுக்கிவிட்டு நல்ல பிரதியிலிருந்து எடுத்துக் கொடுத்து, கெட்ட இடத்தையும் திருத்திவிடுகின்றன. யாரும் திறக்காத கோப்புகளையும் அவ்வப்போது வரிசையாக எடை போடும்படி கட்டளையிடலாம். அதற்கு ஸ்க்ரப் என்று பெயர். மாதம் ஒரு முறை போதும்.

ஒரே வட்டு, ஒரே பிரதி என்றால் அவற்றால் திருத்த முடியாது. கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லித் திறக்க மறுக்கும். "முன்பு எல்லாம் திறந்தது, இதைப் போட்ட பிறகுதான் கெட்டது" என்று சிலர் இந்தக் கட்டத்தில் கோப்பு முறைமையைப் பழிக்கிறார்கள். முன்பும் கெட்டுத்தான் இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை. என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4, ஆப்பிள் 2017இல் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் ஆகிய மூன்றும் உங்கள் கோப்பின் உள்ளடக்கத்துக்குச் சரிபார்ப்பு எண் வைப்பதில்லை. அவற்றைப் பயன்படுத்துபவர்கள் மனம் தளர வேண்டாம். இனி மாறாத பழைய படங்களின் ஃபோல்டருக்கு ஷா-256 என்ற முறையில் நாமே சரிபார்ப்பு எண்களைக் கணக்கிட்டு ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்கும் 64 குறிகள் கொண்ட ஒரு வரி. பேக்கப் எடுப்பதற்கு முன் ஒப்பிட்டுப் பார்த்தால் ஊதாப் படம் நல்ல படத்தின் மீது ஏறாது. இதற்கான இலவசக் கருவிகள் எல்லா இயங்குதளங்களிலும் இருக்கின்றன.

இடிக்காமல் கட்டுவது

இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டுக்கும் இன்னொரு குணம் உண்டு. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் கட்டினால், வேலை முடியும்வரை தெருவில் நிற்க வேண்டும். பக்கத்து மனையில் கட்டி முடித்துக் குடிபோனால் அந்தத் தொல்லை இல்லை. இந்த இரண்டும் ஒரு தொகுதியைத் திருத்தும்போது பழையதைத் தொடாமல் புதிய இடத்தில் எழுதி, எல்லாம் முடிந்த பிறகு முகவரியை மட்டும் மாற்றுகின்றன. நடுவில் மின்சாரம் போனால் பழைய வீடு அப்படியே இருக்கிறது.

பழைய வீட்டை இடிக்க வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்னால் அதுதான் ஸ்னாப்ஷாட். நேற்று மாலை 6 மணிக்கு எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தனவோ அப்படியே பார்க்கலாம். மாறிய தொகுதிகளுக்கு மட்டும்தான் கூடுதல் இடம் வேண்டும். தவறாக அழித்த கோப்பை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். ஆனால் ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே வட்டில்தான். வட்டு போனால் இரண்டு வீடுகளும் சேர்ந்தே போகும்.

இரண்டு வட்டு இருந்தால் போதுமா

ரெய்டு என்பது பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ஏற்பாடு. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையால் அந்தப் பெயர் நிலைத்தது. அதன் எளிய வகை கண்ணாடிப் பிரதி: ஒரே எழுத்தை இரண்டு வட்டுகளிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. ஒரு வட்டு செத்தால் கடையை மூடாமல் வேலையைத் தொடரலாம். அருமையான ஏற்பாடு, அதை வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் இரண்டு கணக்குப்பிள்ளைகளும் முதலாளி சொல்வதைத்தான் எழுதுகிறார்கள். முதலாளி வாய்தவறி "அடித்துவிடு" என்றால் இருவரும் ஒரே நொடியில் அடிக்கிறார்கள். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள் (பணம் பறிப்பதற்காகக் கோப்புகளைப் பூட்டிவிடும் மென்பொருள்கள்) தாக்கும்போது, இரண்டு வட்டுகளிலும் பூட்டிய கோப்புதான் இருக்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் திருடனும் தீயும் இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். போனையும் கணினியையும் ஒத்திசைக்கும் இணையச் சேமிப்புக்கும் இதே குணம் உண்டு. இங்கே அழித்தது சற்று நேரத்தில் அங்கேயும் அழியும். சில நாட்களுக்குக் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்பதே ஒரே ஆறுதல்.

ஆகவே ரெய்டு, ஸ்னாப்ஷாட், ஒத்திசைவு மூன்றுமே நல்லவை. எதுவும் பேக்கப் ஆகாது. உங்கள் ஒரு தவறான கட்டளைக்கோ ஒரே விபத்துக்கோ எட்டாத தூரத்தில் இருக்கும் பிரதிதான் பேக்கப்.

சத்துவாச்சாரியில் ஒரு பிரதி

நீர் இல்லா ஆறு, அரசன் இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல தலைமுறைகளாக மூலவர் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல்தான் அதைக் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவந்து நிறுவினார்கள். அங்கே நடந்தது அசலையே இடம் மாற்றியது. கோப்புகளுக்கு நகல் எடுக்க முடியும் என்பதால் நமக்கு அந்தச் சங்கடமும் இல்லை. ஆனால் ஆபத்து வரும் இடத்திலிருந்து விலகி வேறோர் இடத்தில் இருந்ததால்தான் திரும்பி வர முடிந்தது என்பதை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன்.

சொல்வழக்கின் முதல் பகுதியை நம்பித் தரைத்தளத்தில் கணினியை வைத்தவர்கள் உண்டு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. 1903 நவம்பரிலும் வாணியம்பாடியை அதே ஆறு மூழ்கடித்திருக்கிறது. வீட்டில் மூன்று பிரதிகள் இருந்தாலும் மூன்றும் ஒரே மேசையில் இருந்தால் வெள்ளத்துக்கு அது ஒரே பிரதிதான்.

புகைப்படக் கலைஞர்களிடையே தொடங்கி எங்கும் பரவிய ஒரு விதி இருக்கிறது: அசலோடு சேர்த்து 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு ஊரில். இதோடு நான் ஒன்று சேர்ப்பேன். ஒரு பிரதியாவது எதனோடும் இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். இணைத்தே வைத்திருக்கும் வட்டைத் தீநிரல் விட்டுவைக்காது.

எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். எஸ்எஸ்டிகளுக்கான தொழில் தரம், சாதாரணக் கணினிகளில் பயன்படும் வகை தன் எழுதும் ஆயுளை முடித்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் 1 ஆண்டு தரவைத் தாங்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே பரணில் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் அலமாரியில் தூங்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டியையும் பென் டிரைவையும் நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க் வாங்கி, கீழ் அறையில் இரும்பு பீரோவில் வையுங்கள்.

சரி, எதைத்தான் போடுவது

பயணப் பைக்கு எக்ஸ்ஃபேட். விண்டோஸ் கணினிக்கு என்டிஎஃப்எஸ், மேக்குக்கு ஏபிஎஃப்எஸ். இவற்றில் தேர்வுக்கே இடமில்லை, வருவதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வட்டுள்ள லினக்ஸ் கணினிக்கு ஈஎக்ஸ்டி4 போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அடிபட்டுத் தேறிய முறைமை அது; கோளாறு வந்தால் மீட்கத் தெரிந்தவர்களும் அதிகம். பிடிஆர்எஃப்எஸ்ஸும் இன்று தாராளமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ஃபெடோரா லினக்ஸின் மேசைக் கணினிப் பதிப்பில் 2020 முதல் அதுதான் இயல்பாக வருகிறது. ஒன்று மட்டும்: ரெய்டு 5, ரெய்டு 6 என்ற பல வட்டு ஏற்பாடுகளை அதில் போடுவதை, பிடிஆர்எஃப்எஸ்ஸை உருவாக்கியவர்களே பரிந்துரைப்பதில்லை. கண்ணாடிப் பிரதியோடு நின்றுகொள்ளுங்கள்.

படமோ கணக்கோ உங்கள் தொழிலே என்றால், இரண்டு வட்டுகளில் கண்ணாடிப் பிரதியாக இசட்எஃப்எஸ். அதற்காகச் செலவழிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்போகாது. ஆனால் கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு வட்டுக்குத்தான் போதும் என்றால், இசட்எஃப்எஸ் கண்ணாடிப் பிரதிக்காக அதை வாங்காதீர்கள். இப்போது இருக்கும் என்டிஎஃப்எஸ் கணினியை அப்படியே வைத்துக்கொண்டு, புதிய வட்டில் நகலெடுத்து வேறு ஊருக்கு அனுப்புங்கள். மிகச் சிறந்த பதிவேடும் எரிந்த நிலத்தைத் திருப்பித் தராது. சுமாரான பதிவேட்டில் எழுதிய இன்னொரு பிரதி தரும்.

பேக்கப் இருக்கிறது என்று எப்போது சொல்லலாம்? அதிலிருந்து கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்த பிறகு. ஸ்டுடியோ நண்பர் இதற்கு எனக்குத் தோன்றாத ஒரு வழி கண்டுபிடித்தார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கடையில் வேலை குறைவு. அந்த இரண்டு மாதங்களில் ஒரு நாள், ஆம்பூரில் தங்கை வீட்டில் இருக்கும் வட்டை வரவழைத்து, ஏதாவது ஒரு கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்து, வேறொரு கணினியில் முழுதாக இறக்கிப் பார்க்கிறார்.

இந்த ஆடியில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நூற்றுக்கணக்கான படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்துபோயின. ஒன்றிலும் குறை இல்லை. 2016ஆம் ஆண்டு ஃபோல்டரையும் அவரே திறந்து காட்டினார். அந்த முகூர்த்தப் படத்தில் மாலைக்குக் கீழே இன்னும் ஊதாதான். நல்ல பிரதி எந்த வட்டிலும் இல்லை.